கிணற்றுக்குள் கண்ட கருங்கல்: வெடி வைப்பதா, வேறு வழி பார்ப்பதா?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கிணறு வெட்டுவோருக்கு ஓர் அச்சம் எப்போதும் உண்டு. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் மணலை அள்ளிக் கொட்டினால் சில அடி ஆழத்திலேயே தண்ணீர் காணலாம். அங்குள்ள கவலையெல்லாம் மணல் சரிந்துவிடக் கூடாதே என்பதுதான். படுவான்கரையிலோ, தாந்தாமலைப் பக்கம் போகப் போக, மண்ணுக்கும் சரளைக்கும் கீழே கருங்கல் எத்தனை அடியில் படுத்திருக்கிறது என்பதை அலவாங்கு போய் முட்டும்வரை எவராலும் சொல்ல இயலாது. என் மச்சானின் வளவில் அது பதினான்கு அடியில் முட்டியது. அலவாங்கு ‘ணங்’ என்று துள்ளித் திரும்பியது. நான்கைந்து இடங்களில் குத்திப் பார்த்தும் அதே ஓசைதான். கரண்டைக்கால் நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊறியிருந்தது. ஆறடி விட்டமுள்ள குழியின் அடி முழுவதும் ஒரே கல். மேலே ஏறி வந்த கிணறு வெட்டுபவர் வியர்வையைத் துடைத்தபடி, “இதுக்கு வெடிதான் போடணும் சேர், வேறொண்டுக்கும் மசியாது” என்றார்.

அன்று மாலை மாமரத்தடியில் நடந்த பேச்சில் எல்லா வழிகளும் வரிசைக்கு வந்தன. அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவரைக் கூப்பிட்டு வெடி வைத்து உடைப்பது. கல்லில் துளைகள் இட்டு விரியும் சுண்ணத்தூளைக் கரைத்து ஊற்றிப் பிளப்பது. பெக்கோ இயந்திரத்தில் பிரேக்கர் பூட்டி இடிப்பது. உளியும் ஆப்பும் சம்மட்டியுமாகக் கையாலேயே உடைப்பது. இவை எதுவும் வேண்டாமென்று குழியை மூடிவிட்டு வேறு இடம் பார்ப்பது. கூடியிருந்தவர்களில் பெரும்பாலானோர் வெடியின் பக்கமே நின்றனர். காரணம் கேட்டால், அதற்குத்தான் பலம் கூடவாம். பாடசாலையில் பல காலம் விஞ்ஞானம் படிப்பித்த எனக்கு அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. ஏனெனில் நாம் பேச்சில் ‘பலம்’ என்று சொல்வதற்குள் சக்தி (செய்யக்கூடிய வேலையின் மொத்த அளவு), வலு (சக்தி வெளிவரும் வேகம்), விசை (தள்ளும் அல்லது இழுக்கும் அளவு) என்ற மூன்றும் கலந்து கிடக்கின்றன. இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் எந்த வழி நமக்கு ஏற்றது என்பது தெரியும்.

முதலில் சக்தியின் கணக்கு. நூல்களில் எடுத்துக்காட்டாகக் கூறப்படும் டைனமைட் குச்சி ஏறத்தாழ 190 கிராம் எடையும் 20 சென்ரிமீற்றர் நீளமும் உடையது. சேர்மானத்துக்கு ஏற்ப இது மாறினாலும், அதில் அடங்கியுள்ள சக்தி ஏறத்தாழ ஒரு மெகா யூல் என்று கொள்ளலாம். இதை நாம் அன்றாடம் காணும் பொருட்களோடு வைத்துப் பார்ப்போம். ஒரு மெகா யூல் வெப்பம் மூன்றரை லீற்றருக்குச் சற்றுக் குறைவான தண்ணீரைக் கொதிக்க வைக்கும். அதாவது, அன்று மாமரத்தடியில் இருந்தவர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்திருக்கலாம், அவ்வளவுதான். அதே அளவு சக்தி எழுபது கிராமுக்கும் குறைவான பச்சரிசியில் இருக்கிறது. வீட்டில் வாங்கும் 12.5 கிலோகிராம் எரிவாயுச் சிலிண்டர் ஒன்றில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட டைனமைட் குச்சிகளின் சக்தி அடங்கியிருக்கிறது. கிலோவுக்குக் கிலோ வைத்துப் பார்த்தால் டைனமைட் 5 மெகா யூல், காய்ந்த விறகு 15 அல்லது 16, பெற்றோல் ஏறத்தாழ 45. அடுப்படி மூலையில் கிடக்கும் விறகுக்கட்டு சக்தியில் டைனமைட்டை மூன்று மடங்கு விஞ்சி நிற்கிறது என்று நான் சொன்னபோது மச்சான் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

வேறுபாடு எங்கே இருக்கிறதென்றால், விறகும் பெற்றோலும் தாம் எரிவதற்கு வேண்டிய ஒட்சிசனை வெளியிலுள்ள காற்றிலிருந்து எடுக்க வேண்டும். ஒரு கிலோ பெற்றோல் முழுதாக எரிய ஏறத்தாழ மூன்றரைக் கிலோ ஒட்சிசன் தேவை. காற்று வந்து சேரும் வேகத்துக்குமேல் அது எரிய இயலாது. டைனமைட்டின் உயிரான நைத்திரோகிளிசரினோ தனக்குத் தேவையான ஒட்சிசனைத் தன் மூலக்கூற்றுக்குள்ளேயே கட்டிக்கொண்டு வருகிறது. அந்தச் சுமையால்தான் கிலோவுக்கான சக்தி குறைகிறது. அதே சுமையால்தான் எதற்கும் காத்திராமல் அது முழுவதும் ஒரேயடியாக மாறிவிட முடிகிறது. நான்கு மூலக்கூறுகள் சிதைந்தால் காபனீரொட்சைட்டு, நீராவி, நைதரசன், சிறிது ஒட்சிசன் என இருபத்தொன்பது வாயு மூலக்கூறுகள் பிறக்கின்றன. சாதாரண அறை வெப்பநிலைக்குக் கணக்கிட்டாலே அது முன்பிருந்த திரவத்தைவிட ஏறத்தாழ 1,200 மடங்கு இடத்தைக் கேட்கும். வெடிக்கும் கணத்தின் வெப்பத்தில் கேட்கும் இடம் இதிலும் பல மடங்கு. இந்த மாற்றம் குச்சிக்குள் விநாடிக்கு 5,000 மீற்றர் அளவிலான வேகத்தில் ஓடுகிறது என்று கொண்டால், இருபது சென்ரிமீற்றர்க் குச்சி ஒரு விநாடியின் 25,000 இல் ஒரு பங்கு நேரத்துக்குள் முடிந்துபோகிறது. ஒரு மெகா யூலை அந்த நேரத்தால் வகுத்தால் வருவது 25 கிகா வாற்று, அதாவது 25,000 மெகா வாற்று. நுரைச்சோலை அனல்மின் நிலையம் முழுதாக இயங்கினால் 900 மெகா வாற்று. அதுபோன்ற இருபத்தேழுக்கும் மேற்பட்ட நிலையங்கள் ஒரு கணத்துக்கு ஒன்றாக இயங்கினாற்போன்ற வலு இது. ஆகவே வெடி வைப்பவருக்கு நாம் கொடுக்கும் காசு சக்திக்கானதன்று, வேகத்துக்கானது.

இந்த வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்கு மனிதர் பட்ட பாடே டைனமைட்டின் வரலாறு. இத்தாலியரான அஸ்கானியோ சொப்ரேரோ 1847 இல் நைத்திரோகிளிசரினைக் கண்டறிந்தார்; தன் கண்டுபிடிப்பைக் கண்டு அவரே அஞ்சினார். 1864 இல் ஸ்ரொக்ஹோமில் நோபல் குடும்பத்தாரின் தொழிற்கூடம் வெடித்ததில் அல்பிரட் நோபலின் தம்பி எமில் உட்படச் சிலர் இறந்தனர். நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகளால் ஆன ஒருவகை மண்ணில் அந்தத் திரவத்தை ஊற விட்டால், அதை அடித்தும் அசைத்தும் எளிதில் வெடிக்காத பிசைபொருளாக ஆக்கலாம் என்பதை அறிந்து 1867 இல் நோபல் காப்புரிமை பெற்றார். மூன்று பங்கு திரவத்துக்கு ஒரு பங்கு மண் என்பது அந்தப் பழைய அளவு. ஆனால் தண்ணீர் பட்டால் அந்த மண் தண்ணீரை உள்ளே இழுத்து நைத்திரோகிளிசரினை வெளியே தள்ளிவிடும். நாட்பட்டு வெப்பத்தில் கிடந்தாலும் அது வியர்த்தாற்போல் கசியும். நம் கிணற்றடி போன்ற ஈரமான இடத்துக்கு அந்த ஆதிகால டைனமைட் பொருந்தவே பொருந்தாது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். 1875 இல் வந்த களி போன்ற வெடிபொருள் ஈரத்தைத் தாங்கியது. இன்று உலகின் கற்சுரங்கங்களில் பெரும்பாலும் பயன்படுவன அமோனியம் நைத்திரேற்றைக் கொண்ட கலவைகளும் கூழ்களுமே. பேச்சில் மட்டும் எல்லாவற்றுக்கும் ‘டைனமைட்’ என்ற பெயரே நின்றுவிட்டது.

சரி, கல்லை உடைக்க எவ்வளவு வேண்டும்? மச்சானின் கிணறு இன்னும் நான்கு அடி இறங்கினால் போதும். ஆறடி விட்டத்தில் நான்கடி ஆழம் என்பது மூன்று கன மீற்றருக்குச் சற்று மேலே. எடையில் எட்டரைத் தொன் அளவு வரும். அவ்வளவு கல்லையும் தரைக்குத் தூக்கத் தேவையான சக்தியைக் கணக்கிட்டால் அது அரைக் குச்சி டைனமைட்டின் சக்திக்கும் குறைவு. அப்படியிருந்தும் வெடி வைப்பவர் அதைவிடப் பல மடங்கு வெடிபொருளைப் பயன்படுத்த வேண்டியிருப்பது ஏனென்றால், வெடியின் சக்தியில் பெரும்பகுதி கல்லைப் பிளப்பதில் செலவாவதில்லை. நிலத்தின் அதிர்வாகவும், ஓசையாகவும், பறக்கும் சில்லுகளாகவும், வெப்பமாகவும் சிதறிப் போகிறது.

அடுத்தது விசை; அதற்குக் கருங்கல்லின் இயல்பை இங்கே சொல்ல வேண்டும். மட்டக்களப்பின் உட்பகுதியிலும் அம்பாறையின் இங்கினியாகலைப் பக்கத்திலும் நிலத்தின் அடியில் இருப்பது, புவியியலாளர் விஜயன் தொகுதி என்று அழைக்கும் மிகப் பழைய பளிங்குருப் பாறை. இத்தகைய கல்லை நெருக்கி நொறுக்க 100 மெகா பஸ்காலுக்கும் மேற்பட்ட அழுத்தம் வேண்டும். இழுத்துப் பிளப்பதற்கோ அதில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய அளவே போதும். அடிக்கு அசையாத கல் இழுப்புக்கு இளகிவிடும். உளி வைத்து ஆப்பு அடிப்பவரும், வெடி வைப்பவரும், சுண்ணத்தூள் ஊற்றுபவரும் கடைசியில் செய்வது ஒன்றுதான்: துளைக்குள் இருந்துகொண்டு கல்லைப் பக்கவாட்டில் இழுபடச் செய்வது. நேரத்தில் மட்டுமே வேறுபாடு. வெடிக்கு ஆயிரத்தில் சில பங்கு விநாடி, தூளுக்கு ஓர் இரவு, ஆப்புக்கு ஒரு நாள்.

கிணற்றடியில் இதற்கு ஒரு தடை இருக்கிறது. கல் பிளந்து விலகுவதற்கு ஒரு பக்கமாவது திறந்த முகம் வேண்டும். கற்சுரங்கத்தில் பாறைக்கு முன்புறம் வெளியாக இருக்கும். கிணற்றுக்குள் நாலாபுறமும் பாறை, மேற்புறம் மட்டுமே வெளி. எனவே முதலில் நடுவில் ஒரு குழிவைத் தோற்றுவித்து, பிறகு சுற்றியுள்ளதை அந்தக் குழிவை நோக்கி உடைத்துக்கொண்டு வர வேண்டும். வெடி வைத்தால் அந்த முதற்குழிவின் கல் முழுவதும் நேர்மேலே கிளம்பும். குழி துப்பாக்கிக் குழலாகிவிடும் என்று சொன்னால் மிகையன்று.

மச்சானின் வீட்டுச் சுவர் கிணற்றிலிருந்து பன்னிரண்டு மீற்றர் தூரத்தில் இருக்கிறது. அதிலும் அந்தப் பக்கம் இருப்பது மாமியின் அறை. பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவர். மறுபுறம் மாட்டுத் தொழுவம். வேலிக்கு அப்பால் அயல்வீட்டுக் கிணறு. எங்களுடைய மலசலகூடக் குழி அதற்கும் இதற்கும் இடையில் ஒரு மூலையில். வெடியால் நம் கண்ணுக்குத் தெரியாமல் பாறைக்குள் ஓடும் வெடிப்புகள் புதிய ஊற்றைத் திறந்துவிடவும் கூடும், மலசலகூடக் குழியின் அழுக்கைக் கிணற்றுக்குக் கூட்டி வரவும் கூடும். முன்னதை நம்பி வெடி வைப்போர் பின்னதைப் பேசுவதில்லை. வெடித்த பின் காபனோரொட்சைட்டும் நைதரசனின் ஒட்சைட்டுகளும் குழியின் அடியில் தங்கிவிடும் என்பதால், காற்றுச் செலுத்தி அவற்றை வெளியேற்றாமல் எவரையும் உள்ளே இறக்கக் கூடாது. வெடிக்காமல் தங்கிவிட்ட வெடி ஒன்று இருந்தால், அதை அறியாமல் அலவாங்கு போடுபவரின் கதி என்ன?

இவற்றோடு சட்டமும் இருக்கிறது. 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாதவர் வெடிபொருளை வாங்கவோ, வைத்திருக்கவோ, கொண்டு செல்லவோ இயலாது. ஆகவே ‘யாரோ ஒருவர் இரண்டு குச்சி தருவார்’ என்ற பேச்சு எழுந்தால் அந்த இடத்திலேயே எழுந்து போய்விடுவது நல்லது. இப்பகுதியில் இதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கரடியனாற்றில் 2010 செப்ரெம்பர் 17 அன்று, வீதி அமைப்புக்காகக் கொள்கலன்களில் வைத்திருந்த வெடிபொருள் பொலிஸ் நிலைய வளாகத்தில் வெடித்து இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்ததை இங்குள்ள எவரும் மறக்கவில்லை. அது போருக்காக வந்த வெடிபொருளன்று, கல் உடைக்க வந்தது.

இனிச் சுண்ணத்தூள். கடைக்காரர் இதைக் ‘கெமிக்கல்’ என்றே சொல்வார். பார்க்கச் சீமெந்து போலிருக்கும். உள்ளே இருப்பதில் பெரும்பகுதி நம் வெற்றிலைத் தட்டோடு உறவுள்ள கல்சியம் ஒட்சைட்டு, அதாவது நீறாத சுண்ணாம்பு. சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு நீற்றுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை: தண்ணீர் பட்டதும் அது சீறிச் சூடேறிப் பூத்துப் பருக்கும். அந்தப் பருத்தலைத் துளைக்குள் அடைத்து மெதுவாக நடக்கச் செய்வதே இந்த முறை. கிலோவுக்கு அதிலிருந்து வெளிவரும் வெப்பம் ஒரு மெகா யூலைச் சற்றே தாண்டும், டைனமைட்டின் கால்பங்கும் இல்லை. ஆயினும் துளைச்சுவரில் அது கொடுக்கும் அழுத்தம் பல பத்து மெகா பஸ்கால்களுக்கு ஏறுவதால், இழுப்புக்கு இளகும் கருங்கல் அதற்குத் தாக்குப்பிடிக்காது. சில்லு பறப்பதில்லை, நிலம் அதிர்வதில்லை, அனுமதிப்பத்திரமும் வேண்டாம்.

அதற்கும் முரண்டு உண்டு. 30 முதல் 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளைகள், ஒன்றுக்கொன்று ஓரடி, ஒன்றரையடி இடைவெளியில், பல வேண்டும். செலவில் பெரும்பகுதி தூளுக்கன்று, துளையிடும் கூலிக்கே போகிறது. ஐந்து கிலோத் தூளுக்கு ஒன்றரை லீற்றர் அளவில் தண்ணீர் விட்டுக் கலக்கிச் சில நிமிடங்களுக்குள் ஊற்றிவிட வேண்டும். துளையில் ஊற்றுநீர் நின்றால் கலவை நீர்த்துக் கெட்டுவிடும் என்பதால் முதலில் இறைத்துத் துளையை உலர்த்த வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது வெப்பம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகல் வெயிலில் கல் கொதித்துக் கிடக்கும்போது ஊற்றினால், எதிர்வினை எல்லை மீறிக் கலவை துளையிலிருந்து மேல்நோக்கிப் பீறிட்டுவிடும். அந்த நேரம் துளையைக் குனிந்து பார்த்தவரின் கண் போய்விடும், அது சுடுசுண்ணாம்பு. வெப்பநிலைக்கு ஏற்ற வகையைக் கேட்டு வாங்குவதும், மாலை சாய்ந்த பிறகு ஊற்றுவதும், கண்ணாடியும் கையுறையும் போடுவதும், ஊற்றிய பின் குழியடியில் எவரும் நிற்காதிருப்பதும் இதனால்தான்.

பெக்கோவும் பிரேக்கரும் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நிலத்தின் மேல் கிடக்கும் பாறைக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. ஆறடி வாயுள்ள குழிக்குள் பதினான்கடி ஆழத்தில் அதன் கை எட்டினாலும் திரும்ப இடமில்லை. விளிம்பு இடிந்து இயந்திரமே சரியவும் கூடும். கொம்பிரசரில் ஓடும் கைப்பிரேக்கரை உள்ளே இறக்கலாம், ஆனால் கொம்பிரசர் மேலேயே நிற்க வேண்டும். எந்த எஞ்சினையும் கிணற்றுக்குள் இறக்கக் கூடாது. அதன் புகையால் உள்ளே நிற்பவர் சத்தமின்றி மயங்கி விழுந்துவிடுவார்.

கைவேலையை இளக்காரமாகப் பார்ப்பவர்களுக்காக ஒரு கணக்கு. நல்ல உழைப்பாளி ஒருவர் நாள் முழுவதும் தொடர்ந்து தரக்கூடிய வலு 75 வாற்று அளவு. எட்டு மணித்தியாலத்தில் அது இரண்டு மெகா யூலைத் தாண்டுகிறது; ஒரு மனிதரின் ஒரு நாள் உழைப்பு இரண்டு டைனமைட் குச்சிகளுக்குச் சமம்! அந்த இரண்டு மெகா யூலும் உளி நுனியில், வேண்டிய இடத்தில் மட்டும் இறங்குகிறது. கூலி ஏறிவிட்ட இந்நாளில் இதற்கு ஆகும் நாட்களின் எண்ணிக்கைதான் கட்டுப்படியாகாது. பாறையை விறகால் சுட்டுத் தண்ணீர் ஊற்றி வெடிக்கச் செய்யும் பழைய முறையை ஒருவர் நினைவூட்டினார். வெட்டவெளியில் சரி, கிணற்றுக்குள் நெருப்பு மூட்டுவது அங்கிருக்கும் காற்றையே நஞ்சாக்குவதாகும். வேறிடம் வெட்டலாம் என்றால், அங்கும் இதே கல் இதே ஆழத்தில் இல்லை என்பதற்கு எவர் பொறுப்பு? குழாய்க்கிணறு நல்ல மாற்றுத்தான். மின்சாரம் நின்ற நாளில் வாளியால் அள்ள முடியாது என்பதால் மச்சான் அதை விரும்பவில்லை.

மாமி எல்லாவற்றையும் திண்ணையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “எந்த வழியெண்டாலும் சரி மகன், என்ட சுவர் நிக்கணும்” என்றார். தீர்மானம் அத்தோடு முடிந்தது. நடுக்குழிவைக் கைப்பிரேக்கராலும் உளியாலும் ஒன்றரையடிக்கு எடுத்து, சுற்றிலும் துளைகள் இட்டு, மாலை ஆறு மணிக்குப் பிறகு தூளைக் கரைத்து ஊற்றினோம். வாயைப் பலகையால் மூடிவிட்டுப் படுக்கப் போனோம். விடியற்காலையில் ரோச் அடித்துப் பார்த்தபோது துளைக்குத் துளை மயிரிழை போல ஒரு கோடு ஓடியிருந்தது. தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது அந்தக் கோட்டுக்குள் விரல்நுனி நுழைந்தது. மேலிருந்து காது கொடுத்தால் இடையிடையே ‘டிக்’ என்று ஓர் ஓசை, ஈரவிறகு அடுப்பில் வெடிப்பது போல. கிணறு வெட்டுபவர் அலவாங்கை அந்த இடுக்கில் செருகி நெம்பியபோது முதலாவது துண்டு பெயர்ந்து வந்தது. அதன் அடியிலிருந்து தண்ணீர் கசிந்தது. நான்கடி முடிய இப்படி மூன்று முறை செய்ய வேண்டியிருந்தது, பதினொரு நாள் எடுத்தது. பொறுமையில்லாத மச்சான் ஏழாம் நாளில் மறுபடி வெடிப் பேச்சை எடுத்தார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இதே மச்சானுக்கு வயல்வெளியில் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் வீடில்லை, கிணறில்லை. அங்கே இருபதடி விட்டத்தில் ஒரு விவசாயக் கிணறு வெட்டி, நடுவில் பத்தடிக் கனத்தில் பாறை வந்தால், நூற்றுக்கணக்கான துளைகளுக்குத் தூள் ஊற்றுவது காசையும் மாதங்களையும் கரைக்கும் வேலை. அனுமதிப்பத்திரத்தைக் கண்ணால் பார்த்து, மாடுகளை அப்புறப்படுத்தி, வெடித்தபின் வெடிகாரரே முதலில் இறங்கிச் சோதித்துத் தருவார் என்று பேசிக்கொண்டு, அங்கே அவரை அழைத்துவரச் சொல்வேன்.